ஏரி பார்த்த அறை

நவம்பர் 3, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். மழை நாளில் குழாய்க் கடைக்கு நல்ல வியாபாரம். வீட்டில் எங்கெங்கே ஒழுகுகிறது என்பது அப்போதுதான் ஜனங்களுக்குக் கண்ணில் படும்.

ஒரு மேஸ்திரி பளபளவென்று ஒரு குழாயை நீட்டி இதேபோல் வேண்டும் என்றார். கையில் வாங்கித் தூக்கிப் பார்த்தேன். பஞ்சு மாதிரி இருந்தது. "மேலதான் மினுமினுப்பு. உள்ள பித்தளையே இல்ல. ரெண்டு வருஷத்துல கழுத்து முறிஞ்சு கையோட வந்துரும்" என்று சொல்லி வேறு கொடுத்தேன். கியாரண்டி சீட்டு கேட்டார். பக்கத்தில் நின்ற பழைய வாடிக்கையாளர் முந்திக்கொண்டார்: "இந்தக் கடையில சீட்டெல்லாம் கிடையாதுங்க. இவர் வாய்தான் சீட்டு."

முப்பது வருஷத்தில் நான் சேர்த்த சொத்து அந்த ஒரு பேச்சுதான். மற்றதெல்லாம் கடன் வாங்கினாலும் கிடைக்கும்.

மத்தியானம் ரிசார்ட் கடிதம் வந்தது. வருஷத்துக்கு ஒரு வாரம் அறை நமக்கு, இருபத்தைந்து வருஷத்துக்கு. அப்படி ஒரு திட்டத்தில் நான் மெம்பர் ஆகி இது நாலாவது வருஷம். பள்ளி லீவு மாசம் கேட்டிருந்தேன். மழை மாசம் கொடுத்திருக்கிறார்கள். நாலாவது தடவை.

கூட்டம் இல்லாத மாசமாகப் பார்த்து நானே கேட்டு வாங்குகிறேன் என்று என் மனைவியிடம் சொல்லி வைத்திருக்கிறேன். இவளும் நம்புகிறாள்.

நவம்பர் 5, வியாழன்

வந்து சேர்ந்தோம். கடையை விட்டு நாலு நாளைக்குமேல் முடியாது.

அறை சலவைக் கொட்டகைக்குப் பின்னால். ஜன்னலைத் திறந்தால் நீராவியும், கொடியில் காயாத படுக்கை விரிப்புகளும். இவள் இடுப்பில் கை வைத்து நின்றாள். "என்னங்க, துணி துவைக்கிற சத்தம் கேக்கவா இவ்ளோ தூரம் வந்தோம்? அது நம்ம வீட்லயே இருக்கே." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அப்புறம் சிரிக்காமல், "ஒரு தடவையாவது ஜன்னல்ல தண்ணி தெரிஞ்சா நல்லாருக்கும்" என்றாள்.

குளியலறைக் குழாயைப் பழக்கதோஷத்தில் ஆட்டிப் பார்த்தேன். அதே பஞ்சு.

வரவேற்பு மேசையில் போய்க் கேட்டேன். ஏரி பார்த்த அறை ஒன்று காலியாம். நாளைக் காலை மெம்பர்கள் கூட்டத்துக்குத் தம்பதியாக வந்து ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தால் மாற்றித் தருவார்களாம். "சும்மா கேட்டுட்டுப் போனாப் போதும் சார்."

சும்மா கேட்டுவிட்டுப் போன எவனையாவது என் கடையில் நான் விட்டிருக்கிறேனா? தெரிந்துதான் சரி என்றேன்.

நவம்பர் 6, வெள்ளி

இதை இன்றே எழுதிவிட வேண்டும். நாளைக்கு என்றால் எனக்குச் சாதகமாக மாற்றி எழுதிவிடுவேன்.

பெரிய கூடம், வட்ட மேசைகள், மேசைக்கொரு தட்டு பிஸ்கட். யாராவது கையெழுத்துப் போட்டால் ஒரு மணி அடிப்பார்கள், எல்லோரும் கை தட்ட வேண்டும். எங்கள் மேசைக்கு வந்த விற்பனைப் பெண் வாயை மூடினாலும் சிரிப்பு போகாத முகம். மனசுக்குள் சிரிப்புக்காரி என்று பேர் வைத்தேன். எங்கள் பக்கத்தில் ஒரு புதுத் தம்பதியைக் கொண்டுவந்து உட்கார வைத்தாள். காட்டு யானையைப் பிடிக்கப் பழகின யானையைத்தான் பக்கத்தில் நிறுத்துவார்கள். நாற்காலி இழுத்துப் போட்டபோதே எனக்கு விளங்கிவிட்டது. எழுந்து போயிருக்கலாம்.

அவர் ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். எங்கள் நகரம்தான், பாலத்துக்கு அந்தப் பக்கம். அவர் வீட்டம்மா தையல் வேலை. பெட்ரோல் பங்கில் போட்ட குலுக்கலில் ரெண்டு நாள் தங்கப் பரிசு விழுந்து வந்திருக்கிறார்கள். கையெழுத்துக்குப் புதுப் பேனா வாங்கி வந்த மாதிரி சட்டைப் பையில் ஒரு பேனா.

"முப்பத்திரண்டு வருஷம் ஓட்டினேன் தம்பி. எல்லாரையும் ஊர் ஊரா கொண்டுபோய் இறக்கி விட்டேன். நான் எங்கயும் இறங்கினதில்ல."

ஓய்வுக்கு வந்த பணம் கையில் இருக்கிறது. மகள் வெளியூரில். பள்ளி லீவில் மட்டும்தான் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வர முடியும். இவர்கள் வீட்டில் ஒரே அறை, மாப்பிள்ளைக்குச் சங்கடம், ரெண்டு நாளில் கிளம்பிவிடுகிறார்கள். எல்லோரும் ஒரு வாரம் ஒன்றாக இருக்க ஓர் இடம், அவ்வளவுதான் அவருக்கு வேண்டியது. கேட்டார்: "லீவு மாசத்துல ரூம் கிடைக்குமா?"

சிரிப்புக்காரி பதில் சொல்லவில்லை. என் பக்கம் திரும்பினாள். "சாரே சொல்லட்டும். சார் நாலு வருஷமா எங்க குடும்பம்." ஏரி அறையின் சாவி அவள் ஃபைல் மேல் இருந்தது.

என்ன சொன்னேன்? அப்படியே எழுதுகிறேன்.

"முன்கூட்டியே சொல்லி வச்சாக் கிடைக்கும்ணே. நான் வியாபாரி. மட்டமான சரக்கை வாங்க மாட்டேன்."

அதோடு நின்றதா? இவள் அந்தத் தையலம்மா கையைத் தட்டி, "இவர் சொன்னாத் தப்பாதுக்கா" என்றாள். பாவம், இவளுக்கு என்ன தெரியும்.

டிரைவர் பேனாவை எடுத்தார். மணி அடித்தது. நானும் கை தட்டினேன்.

நவம்பர் 7, சனி

ஏரி தெரிகிறது. இவள் நாற்காலியை ஜன்னலோரம் போட்டு உட்கார்ந்தவள்தான், எழுந்திருக்கவில்லை. "ஏங்க, நமக்கு மட்டும் ஏன் மாத்திக் குடுத்தாங்க?" என்றாள்.

"பழைய மெம்பர் இல்லையா, ஒரு மரியாதை" என்றேன்.

நவம்பர் 8, ஞாயிறு

வீடு திரும்பியாச்சு. கிளம்பும்போது டிரைவர் தேடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார். விலாசமும் நம்பரும் எழுதிக் கொடுத்தார். "நீங்க இல்லன்னா நான் துணிஞ்சிருக்க மாட்டேன் தம்பி."

என் பத்திரத்தை எடுத்துப் பார்த்தேன். ஏழாம் பக்கத்தின் பின்பக்கம், எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து: கையெழுத்திட்ட பத்து நாளுக்குள் கம்பெனியின் நகர அலுவலகத்தில் எழுத்து மூலம் கொடுத்தால் ரத்து, முழுப்பணமும் திரும்பும். நாலு வருஷத்துக்கு முன் இதை நான் படித்தது பன்னிரண்டாம் நாள். கையெழுத்துப் போடும்போது முன்பக்கம் ஒவ்வொரு வரியும் படித்தேன். பேரம் பேசி விலைகூடக் குறைத்தேன். பின்பக்கத்தைத் திருப்பவில்லை. ஒரு திருகாணிப் பெட்டி வாங்கினாலும் கவிழ்த்துப் பார்க்கிறவன்.

டிரைவருக்குப் பதினாறாம் தேதி வரை இருக்கிறது.

நவம்பர் 10, செவ்வாய்

நானா கையெழுத்துப் போட்டேன்? வயசான மனுஷர், நாலு பக்கமும் பார்த்து பஸ் ஓட்டினவர். அவருக்குத் தெரியாதா? நான் சொல்லாவிட்டாலும் வாங்கியிருப்பார்.

வாங்கியிருப்பாரா?

நவம்பர் 12, வியாழன்

போன் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார். "தம்பி! நூறு வயசு உங்களுக்கு! இப்பத்தான் பொண்ணுகிட்ட உங்களைப் பத்திச் சொல்லிட்டிருந்தேன். லீவுக்கு டிக்கெட் போடுறாளாம். ஒரு வாரம் முழுசா இருக்கேன்னு சொல்லிட்டா!"

"சந்தோஷம்ணே."

"என்ன விஷயமா கூப்பிட்டீங்க?"

"சும்மாதான்."

அந்தச் 'சும்மா' என் வாயில் எப்படி வந்தது.

சொன்னால் என்ன ஆகும்? அவர் பாலத்துக்கு அந்தப் பக்கம் நாலு பேரிடம் சொல்வார். அவர்கள் இந்தப் பக்கம் நாற்பது பேரிடம் சொல்வார்கள். குழாய்க்கடைக்காரர் ஏமாந்தார், ஏமாந்ததை மறைத்தார், மறைத்து இன்னொருத்தர் தலையில் கட்டினார். அப்புறம் என் வாய் என்ன சீட்டு?

நவம்பர் 13, வெள்ளி

ஒரு அம்மா ரெண்டு ஷவரை எடுத்து வைத்து, "எது நல்லாருக்கும், நீங்களே சொல்லுங்க" என்றார். "ரெண்டையும் பாருங்கம்மா, உங்க இஷ்டம்" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, வீட்டில் கேட்டு வருகிறேன் என்று போய்விட்டார்.

நவம்பர் 14, சனி

இவளும் தையலம்மாவும் ஒரு மணி நேரம் போனில். பேரப்பிள்ளைகள் மூணு பேருக்கும் ஒரே துணியில் சட்டை தைக்கிறாராம். ஏரிக்கரையில் நிறுத்திப் போட்டோ எடுக்க. மஞ்சளா நீலமா என்று இவளிடம் யோசனை. இவள் மஞ்சள் என்று சொன்னாளாம்.

"மழை மாசம்தான் நல்லதுன்னு சொல்லட்டுமாங்க? கூட்டமே இருக்காதுல்ல?" என்றாள் என்னிடம்.

கடைக் கணக்கு பார்க்கணும் என்று எழுந்துபோனேன்.

நவம்பர் 15, ஞாயிறு

சொல்லிவிட்டேன். இவளிடம்.

கடை லீவு. இவள் பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். லீவு மாசம் ஒரு தடவைகூடக் கிடைத்ததில்லை, ஒவ்வொரு வருஷமும் கேட்டு இல்லை என்று வந்ததைத்தான் நானே கேட்டு வாங்கினதாக உன்னிடம் சொல்லி வந்தேன், நாம் ஏமாந்தோம் — எல்லாம் சொன்னேன். கோபம் பணத்தைப் பற்றி வரும் என்று எதிர்பார்த்தேன். பதிலும் தயாராக வைத்திருந்தேன்.

தட்டைக் கீழே வைத்தாள். "ஏமாந்தது உங்க பாடு. போகட்டும், மனுஷன்னா ஏமாறத்தான் செய்வான். ஆனா அந்த மனுஷன் கேட்டப்போ ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"நீ தண்ணி தெரியணும்னு கேட்டியே..."

"என் மேல போடாதீங்க!" எழுந்துவிட்டாள். "மூக்கறுபட்டவன் சாமி தெரியுதுன்னு சொல்லி ஊர் மூக்கையே அறுக்க வச்சானாமே, அந்தக் கதையா இருக்கு. கூடவே நான் வேற கத்தி எடுத்துக் குடுத்திருக்கேன். இவர் சொன்னாத் தப்பாதுன்னு."

அடுக்களைக்குப் போனாள். அங்கிருந்தே கேட்டாள்: "எத்தனை நாள் இருக்கு?"

"நாளைக்குக் கடைசி."

"ஒரு வாரமா என்னத்தப் பண்ணிட்டிருந்தீங்க?"

பருப்புத் தட்டை இழுத்து மீதிக் கல்லை நான் பொறுக்கினேன்.

நவம்பர் 16, திங்கள்

கடையைத் திறக்கவில்லை. எட்டு மணிக்கு டிரைவர் வீடு. ஒரே அறைதான். கட்டிலும் தையல் மெஷினும் போக ஆள் நடக்க ஒரு சந்து. மெஷினில் மஞ்சள் துணி. தையலம்மா என்னைப் பார்த்ததும் டீ போட ஓடினார். டீ வருவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். வந்த பிறகு எப்படிக் குடிப்பது?

"லீவு மாசத்துல கிடைக்காதுண்ணே. எனக்கு ஒரு தடவைகூடக் கிடைச்சதில்ல. அன்னிக்கு நான் சொன்னது பொய்."

அவர் சிரித்தார். ஏதோ விளையாடுகிறேன் என்று. பிறகு சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக நின்றது. ஸ்டாப்பில் வந்து நிற்கிற பஸ் மாதிரி.

"ஏன் தம்பி அப்படிச் சொன்னீங்க?"

வரும் வழியெல்லாம் ஒரு பதில் கட்டி வைத்திருந்தேன். அது வரவில்லை. "ரூமுக்காக. ஏரி பார்த்த ரூம் தர்றேன்னாங்க."

டீயோடு வந்த அம்மா வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

அவருடைய பத்திரத்தின் ஏழாம் பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரல் வைத்துப் படித்தார். ரெண்டு தடவை. பிறகு அந்தப் புதுப் பேனாவால் அவரே கடிதம் எழுதினார். நான் வாசகம் சொல்லப் போனேன். "எனக்கு எழுதத் தெரியும்" என்றார்.

என் வண்டியில் ஏறவில்லை. பஸ்ஸில் போனோம். பஸ் ஓட்டுகிறவருக்குப் பின்னால் இருக்கும் இருக்கையில் அவர் உட்கார்ந்தார். பக்கத்தில் இடம் இருந்தது. பையை வைத்துக்கொண்டார். நான் பின்னால் நின்றேன்.

அலுவலகத்தில், கடிதம் வாங்குகிறவர் வெளியே போயிருக்கிறார், நாளைக்கு வாங்க என்றார்கள். அங்கேதான் முப்பது வருஷ வியாபாரம் உதவியது. "நாளைக்குப் பதினோராம் நாள். இன்னிக்கே வாங்கி, நகல்ல சீல் போட்டு, தேதியும் நேரமும் எழுதிக் குடுங்க. அதுவரைக்கும் இந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டேன். உள்ள வர்ற ஒவ்வொருத்தர்கிட்டயும் மழை மாசத்தைப் பத்திப் பேசிட்டு இருப்பேன்" என்றேன். மூணு மணி நேரம் உட்கார்ந்தோம். ரெண்டு தம்பதியிடம் பேசியும் விட்டேன். சீல் வந்தது.

வெளியே வரும்போது படிக்கட்டில் சிரிப்புக்காரி, ரிசார்ட்டிலிருந்து ஃபைல் கட்டோடு ஏறி வந்தாள். டிரைவர் முன்னால் இறங்கிவிட்டார். அவள் என்னைப் பார்த்தாள். முதல் தடவையாக அந்த முகத்தில் சிரிப்பு இல்லை. "நான் ஒன்றரை மணி நேரம் பேசினேன் சார். அவர் ஒரு வார்த்தைகூட நம்பல. நீங்க ஒரு வாக்கியம் சொன்னீங்க. இப்ப என்னைக் கெட்டவளாப் பாக்கறீங்க."

இல்லையம்மா என்று சொல்ல வாயெடுத்தேன். அதுவும் பொய் என்று படி இறங்கினேன்.

கீழே பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. அவர் ஏறிவிட்டிருந்தார்.

நவம்பர் 17, செவ்வாய்

கடை திறந்தேன். நேற்று ஏன் லீவு என்று ஏழு பேர் கேட்டார்கள். ஏழு பேரிடமும் எனக்கு உடம்பு சரியில்லை என்றேன். எட்டாவது ஆளிடம் உண்மையைச் சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு கேட்டுவிட்டு, கழிவுக் குழாய் ஒரு நீளம் வாங்கிக்கொண்டு போனார்.

டிசம்பர் 9, புதன்

டிரைவரிடமிருந்து ஒரு செய்தி. "பணம் வந்துவிட்டது." அவ்வளவுதான். 'தம்பி' என்ற சொல் இல்லை.

இவள் தையலம்மாவுக்கு ரெண்டு தடவை போன் செய்துவிட்டாள். எடுக்கவில்லையாம். "எடுத்தா மட்டும் என்ன பேசுறது" என்று இவளே சொல்லிக்கொண்டாள்.

பிப்ரவரி 19, வெள்ளி

பதினொரு மணி இருக்கும். தலையை நிமிர்த்தினால் கல்லாவுக்கு எதிரே டிரைவர். கையில் பிளம்பர் எழுதிக் கொடுத்த சீட்டு. அதன் தலைப்பில் என் கடைப் பெயர். இல்லாவிட்டால் வந்திருக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

மாடியில் ஓர் அறை கட்டுகிறாராம், குளியலறையோடு. லீவுக்குள் முடிக்க வேண்டுமாம். இதை அவராகச் சொல்லவில்லை. சீட்டைப் பார்த்தும், சட்டைக் கையில் ஒட்டியிருந்த சிமெண்டைப் பார்த்தும் ரெண்டு கேள்வி கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

குழாய்களை எடுத்துப் பரப்பினேன். ஒவ்வொன்றாகக் கையில் தூக்கிப் பார்த்தார். எது நல்லது என்று என்னைக் கேட்கவில்லை. கனமான ஒன்றைத் தனியே எடுத்து வைத்தார். சரியானதுதான்.

"பித்தளைண்ணே. பதினஞ்சு வருஷம் ஒண்ணும் ஆகாது" என்றேன்.

"எழுதிக் குடுங்க சார்."

கடையில் நாலு பேர் இருந்தார்கள். பழைய வாடிக்கையாளர் ஒருவர் என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், சொல்ல வந்ததை முழுங்கிவிட்டார்.

பில் புத்தகத்தில் ஒரு தாள் கிழித்து எழுதினேன். என்ன குழாய், என்ன உலோகம், எத்தனை வருஷம், கெட்டால் மாற்றித் தருவது யார். தேதி, கையெழுத்து, கடை முத்திரை. நீட்டினேன்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நின்றபடியே, விரல் வைத்து முழுவதும் படித்தார். பிறகு தாளைத் திருப்பி, ஒன்றும் எழுதாத பின்பக்கத்தையும் பார்த்தார்.