பின் வலது சக்கரம்

ஜூன் 5, திங்கள்

கொழும்புக்குப் போய் வந்தேன். பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகக் கடை வைத்திருக்கும் ரிஸ்வி, வண்டிக் கோளாறைப் படிக்கும் மூன்று ஸ்கேனர்களை மேசையில் வைத்தான். முதலாவது உள்ளங்கை அளவு. எஞ்சினை மட்டும் படிக்கும். இரண்டாவது பிரேக் கணினியையும் படிக்கும். மூன்றாவது, படித்ததைத் தானே சேமித்தும் வைக்கும். அதன் விலையைக் கேட்டதும் கீழே வைத்துவிட்டேன்.

"நாப்பது வருசமா காதாலயே வண்டி பாத்த ஆளு நீங்க. சின்னதே போதும் பாஸ்."

"பிரேக்கைப் படிக்கணும்."

"எந்த வண்டிக்கு?"

நான் இரண்டாவதைக் கையில் எடுத்தேன். கொஞ்ச நாள் வைத்துப் பாருங்கள் என்று தந்தான்.

ஜூன் 6

டீக்கடையில் கால் வைத்ததுமே கடைக்காரன் கீர்த்தி ஆரம்பித்தான். "பண்டா பாஸ்கிட்ட விட்டா மஞ்ச லைட்டு எரியவே எரியாது. பல்பு இருந்தாத்தானே எரியும்."

எட்டு மாதமாக என்னைப் பார்த்து இந்தச் சிரிப்பு. செனவிரத்ன மாஸ்டரின் காரில் பிரேக் கோளாறைச் சொல்லும் மஞ்சள் விளக்கு எரிந்தது. பின் வலது சக்கரத்து சென்சாரில் சேறு. துடைத்தேன், அணைந்தது, ஓட்டிப் பார்த்துத்தான் கொடுத்தேன். மூன்றாம் நாள் மழையில், நாவலப்பிட்டிப் பாதை வளைவில், கார் வழுக்கி மரத்தில் மோதியது. மாஸ்டர் அங்கேயே போய்விட்டார். நான் பல்பைக் கழற்றி ஏமாற்றினேனாம்.

அந்தக் கார் அவர் வீட்டுக் கொல்லையில் நிற்கிறது. கோளாறு மறுபடி வந்திருந்தால், எத்தனையாவது கிலோமீட்டரில் வந்தது என்பது வரை பிரேக் கணினியில் பதிவாகியிருக்கும். வராமல் இருந்தால் அதுவும் தெரியும். படித்து ஊருக்கே காட்டுகிறேன்.

ஜூன் 7

"போங்க மாஸ்டர், நம்பிப் போங்க." நான்தான் சொன்னேன். குளிக்கும்போது கேட்கிறது. ஸ்பானர் கீழே விழுந்தால் கேட்கிறது.

ஜூன் 8

நின்றுபோன காருக்கு உயிர் கொடுக்க ஒரு பேட்டரியைத் தூக்கிக்கொண்டு மாஸ்டர் வீட்டுக்குப் போனேன். மாஸ்டரின் மனைவி குசுமா கூடவே வந்து நின்றாள். "என்ன சொல்லுதுன்னு மட்டும் சொல்லுங்கண்ணா. எதுவா இருந்தாலும் சரி."

ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தேன். அவருடைய இருக்கை. கருவியைச் செருகினேன். பிரேக் பக்கம் திறந்தது. 'படி', 'அழி' என்று இரண்டு கட்டங்கள்.

நான் 'அழி'யைத் தொட்டுவிட்டேன்.

கராஜ்காரர்கள் எல்லோரும் செய்வதுதான். ஸ்கேனரோடு வருகிறவன் முதலில் பழையதை அழிப்பான், ஓட்டுவான், திரும்பி வருவது எதுவோ அதுதான் உண்மைக் கோளாறு என்பான். நூறு தடவை பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். ஆனால் இந்தக் கார் இனி ஓடாதே.

பிறகு படித்தேன். முன்பக்கம் நசுங்கி இப்போதும் அறுந்து கிடக்கும் கம்பிகளை மட்டும் சொன்னது. பின் வலது சக்கரம் பற்றி ஒன்றுமில்லை. இருந்ததா, இல்லையா — இனி யாராலும் சொல்ல முடியாது.

"என்னண்ணா?"

"பின் சக்கரத்துல ஒண்ணும் காட்டல."

பொய் இல்லை. ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

அவள் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "அப்ப உங்க தப்பு இல்ல. ஊர் வாய்தான் அண்ணா."

ஜூன் 9

எழுத ஒன்றுமில்லை.

ஜூன் 12

கீர்த்தி காசு வாங்க மறுத்தான். "குசுமா அக்கா கடையில வச்சே சொன்னாங்க. மெசினே சொல்லிருச்சாமே. மனசுல வச்சுக்காதீங்க பாஸ்."

எட்டு மாதம் இதற்குத்தானே காத்திருந்தேன்? டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்தேன். என்னை விட்டுப் போனவர்களின் வண்டிகள் இரண்டு இன்று கராஜுக்கு வந்தன.

ஜூன் 14

குசுமாவின் தம்பி ரோகண காரோடு வந்தான். அதே மஞ்சள் விளக்கு.

"கண்டிக்குத்தான் கொண்டு போகப் பாத்தேன். அக்கா விடல. பாஸ் கை பட்ட வண்டியில கண்ண மூடிட்டு ஏறலாம்ங்கறா."

சாவியைக் கையில் வைத்துவிட்டுப் போனான். நான் வண்டியைத் தொடவில்லை. எனக்குச் செய்யத் தெரியாத வேலையா? ஏன் கை வரமாட்டேன் என்கிறது?

ஜூன் 15

காலையிலேயே குசுமாவிடம் போனேன். படிக்கும் முன்னே அழித்துவிட்டேன் என்று சொன்னேன். வேறெதுவும் சேர்க்கவில்லை.

கொல்லையில் நிற்கும் காரைப் பார்த்தாள். பிறகு, "பழக்கத்துல தொட்டீங்களா அண்ணா, பயத்துலயா?"

பழக்கத்தில் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். என் கையில் அதற்கு முன் ஸ்கேனர் இருந்ததே இல்லை. மற்றவர்கள் செய்வதைப் பார்த்த பழக்கம், அவ்வளவுதான். அது என் விரலுக்கு எப்படி வந்தது?

"தெரியல குசுமா."

எழுந்து உள்ளே போய்விட்டாள்.

ஜூன் 17

கருவியை ரிஸ்வியிடம் திருப்பிக் கொடுத்தேன். மூன்றாவதைக் கேட்டேன்.

"படிக்கிறது ரெண்டும் ஒண்ணுதான் பாஸ். எதுக்கு வீணா?"

"அது சேத்து வைக்குமா? நான் அழிச்சாலும்?"

"நீங்க அழிச்சாலும் இருக்கும்."

"அதக் குடு."

ஜூன் 19

ரோகணவின் காரைப் புதுக் கருவியால் படித்தேன். இந்த முறை 'படி'தான் முதலில். பின் இடது சக்கரத்துக் கோளாறு. சென்சாரையே மாற்றினேன். கோளாறைத் தாளில் எழுதி, அது வந்த கிலோமீட்டரோடு கையெழுத்துப் போட்டு, இருக்கையில் வைத்திருக்கிறேன். கார் தயார் என்று ஆள் விட்டுச் சொல்லியும் அனுப்பினேன்.

ஜூன் 23

வாசலில் எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் எழுந்து போய்ப் பார்க்கிறேன். ரோகணவின் சாவி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.