மேடைக்கு ஒரே ஓர் அம்மா

பிஷ்கெக்,
நவம்பர் 18

அன்பு அம்மாவுக்கு,

நம் ஊருக்கும் இங்கேயும் ஓடும் டொக்டோசுன் வண்டியில் நீ கொடுத்தனுப்பிய உலர்தயிர் உருண்டைகள் வந்தன. பாதியை அறைத்தோழிகள் அன்றே தீர்த்துவிட்டார்கள்.

இங்கே நிலக்கரிப் புகைதான் பெரிய பேச்சு. விடுதி ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடம் காணாமல் போயிருக்கும். புகையை எதிர்த்து மாணவர்கள் முகமூடி கட்டிக்கொண்டு வளாக வாசலில் நின்றார்கள், நானும் நின்றேன். துறைத்தலைவி வந்து, "நிக்கிறீங்க சரி, பரீட்சைக்கு யாரு படிக்கிறது?" என்று அதட்டினார். பிறகு அவரும் கொஞ்ச நேரம் எங்களோடு நின்றார். தேர்தல்காரர்கள் தொப்பி கொடுக்கிறார்கள். கேன்டீன் சமையல்காரம்மா எல்லாக் கட்சித் தொப்பியும் வாங்கிவிட்டு, "ஓட்டு ஒண்ணுதான், தலை வலிச்சா மாத்தி மாத்திப் போட்டுக்குவேன்" என்கிறார்.

எனக்கும் இருமல். அண்ணி வந்து வீட்டுக்குக் கூட்டிப்போனார். கவலைப்படாதே.

முக்கியமானதைக் கடைசியில் வைத்திருக்கிறேன். மார்ச் எட்டு மகளிர் நாளன்று, வகுப்பில் முதலாவதாக வந்தவர்களின் அம்மாவை மேடையேற்றிச் சால்வை போர்த்துவார்கள். எங்கள் வகுப்பில் நான்தான் முதல். ஒருவருக்கு ஒரு நாற்காலிதான். நீ வரணும்.

உன் மகள்,
பெகாயிம்


அட்-பாஷி,
டிசம்பர் 9

என் கண்ணே பெகாயிம்,

ஐந்தாவதோடு பள்ளியை விட்டவளுக்குப் பல்கலைக்கழகத்தில் நாற்காலி! நீல வெல்வெட்டில் மேற்சட்டை தைக்கக் கொடுத்துவிட்டேன். பக்கத்து வீட்டுப் புருல்சா வயிற்றெரிச்சலில், "அங்க பேசச் சொன்னா என்னடி பேசுவ?" என்றாள். "பேசத்தான் பொண்ணு இருக்காளே, எனக்கு உட்காரத் தெரிஞ்சா போதாதா?" என்றேன். எழுந்து போய்விட்டாள்.

புகை புகை என்கிறாயே, நானும் நிலக்கரிதான் எரிக்கிறேன். என் வீட்டுப் புகை உன்வரைக்கும் வந்தால் ஒரு வார்த்தை எழுது, அடுப்பைத் திட்டுகிறேன்.

ஒரே ஒரு மனக்குறை. இருமல் நின்றும் நீ விடுதிக்குத் திரும்பவில்லை என்று டொக்டோசுன் சொன்னான். உன் அண்ணி ஜில்திஸ் நல்லவள்தான், நான் இல்லை என்றேனா? ஆனால் மூத்த பிள்ளை பாட்டிக்கு என்பது நம் வழக்கம். உன் நாற்பதாம் நாள் குளியல் முடிந்ததும் அவளே தன் கையால் உன்னை என் மடியில் வைத்தாள். அன்றிலிருந்து நீ என் மகள். உன்னைப் பெற்ற என் மகன் உனக்கு அண்ணன், பெற்றவள் அண்ணி. விருந்தாளியாக இருந்தது போதும், விடுதிக்குப் போ.

உன் அம்மா,
சைராகான்


பிஷ்கெக்,
பிப்ரவரி 12

அன்பு அம்மாவுக்கு,

விடுதிக்கு வந்துவிட்டேன். நேற்று வகுப்பு நடுவில் மின்சாரம் போனது. பேராசிரியர் நிறுத்தவே இல்லை. "தூங்குறவங்க தூங்குங்க, குறட்டை மட்டும் வேணாம்" என்றார். சிரித்துக்கொண்டே இருட்டில் பாடம் கேட்டோம்.

ஞாயிற்றுக்கிழமை துணி எடுக்க அண்ணி வீட்டுக்குப் போனேன். விழாவுக்கான என் வெள்ளைச் சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணி, நீங்களும் விழாவுக்கு வாங்களேன்."

"வராம இருப்பேனா? கடைசி வரிசையில நின்னுக்கிறேன். அத்தை மேடை ஏறுறப்ப போட்டோ எடுக்க ஆள் வேணாமா?"

சொல்லிவிட்டு, தேய்த்து முடித்த சட்டைக் கையையே மறுபடி மறுபடி தேய்த்தார்.

இன்னொன்று அண்ணன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அங்கே இருமலோடு காய்ச்சலும் வந்து படுத்திருந்தபோது நான் "அம்மா" என்று முனகினேனாம். உன்னைத்தான் கூப்பிட்டிருப்பேன். ஒவ்வொரு தடவையும் அண்ணி, "அத்தையத் தேடுறா" என்று சொல்லிக்கொண்டே எழுந்து வந்தாராம்.

உன்னிடம் எதையும் கேட்கவில்லை அம்மா. பார்த்ததையும் கேட்டதையும் எழுதினேன், அவ்வளவுதான். நாற்காலி உனக்குத்தான். வா.

உன் மகள்,
பெகாயிம்


அட்-பாஷி,
மார்ச் 4

என் கண்ணே,

உன் கடிதம் வந்ததிலிருந்து அடுப்பின்மேல் கோபம், புருல்சாமேல் கோபம், உன்மேல் எல்லாவற்றையும் விட அதிகம். இப்போது ஆறிவிட்டது.

உன்னை வளர்த்ததில் எனக்கு ஒரு குறையும் இல்லை. திருப்பிக் கொடு என்று யார் கேட்டாலும் கொடுக்க மாட்டேன். ஒரு சால்வையைக் கொடுக்கலாம்.

மேற்சட்டை இத்துடன் வருகிறது. ஜில்திஸுக்குத் தோள் அகலம், பக்கத் தையலைப் பிரித்து விட்டிருக்கிறேன். மேடையில் கூனாமல் உட்காரச் சொல். கூப்பிடும்போது பழக்கத்தில் "அண்ணி" என்று கூப்பிட்டுத் தொலைக்காதே, சபை சிரிக்கும்.

யாராவது கேட்டால், வழியில் தோலோன் கணவாயைப் பனி மூடிவிட்டது, கிழவியால் வர முடியவில்லை என்று சொல். புருல்சாவிடமும் அதைத்தான் சொல்லியிருக்கிறேன். ஜில்திஸிடம் மட்டும் அப்படிச் சொல்லாதே. கணவாய் திறந்துதான் இருக்கிறது. இல்லாவிட்டால் டொக்டோசுன் இதை எப்படிக் கொண்டுவந்திருப்பான்?

கோடை விடுமுறைக்கு வா. என்னை எப்படி வேண்டுமானாலும் கூப்பிடு, திரும்பிப் பார்ப்பேன்.

உன் பாட்டி,
சைராகான்