கிளாப்புக்கு நீ நிமிர்ந்தது

காலையில் மண்டியில் ஈரச் சாக்கை அவிழ்த்தேன். பரமத்தி வேலூர் வெற்றிலையின் கார வாசம் மூக்கில் ஏறிய நேரத்தில், டென்ட் கொட்டகை வண்டி மேளம் அடித்துக்கொண்டு தெருவில் போனது. நம் படம் மறுபடியும் வந்திருக்கிறது. நம் படம் என்று சொன்னால் நீ சிரிப்பாய். அதில் நீ இருப்பது ஒரே ஒரு ஷாட்.

எனக்குச் சினிமா ஆசை கிடையாது, உனக்கே தெரியும். சேலத்து ஸ்டுடியோவில் சந்தைக் காட்சிக்கு வெற்றிலைக் கடை போட வேண்டும் என்றார்கள், சரக்குக் கொண்டுபோனேன். சூரமங்கலத்தில் உன் தங்கை வீட்டுக்கு வந்திருந்த நீயும் வேடிக்கை பார்க்கக் கூட வந்தாய். கடையில் உட்கார வேண்டிய பெண் அன்று வரவில்லை. டைரக்டர் உன்னைக் காட்டி என்னிடம் கேட்டார். சொந்தபந்தம் என்ன பேசுமோ என்று நான் யோசித்துக்கொண்டிருக்க, நீ காதருகே வந்து கேட்டது வேறு.

"படத்துல என்ற மூஞ்சி நல்லாத் தெரியுமுங்களா?"

நம் கல்யாணத்தில்கூட யாரும் போட்டோ எடுக்கவில்லை. சரி, உட்கார் என்றேன்.

வெள்ளித்தாள் ஒட்டிய ரிஃப்ளெக்டர் பலகைகள் வெயிலை வாரி உன்மேல் கொட்டின. இலை வாடாமல் தண்ணீர் தெளிக்க, நான் செம்போடு கேமராவுக்குப் பக்கத்தில் நின்றேன். குனிந்து இலை அடுக்க வேண்டும், கதாநாயகன் கடைக்கு வந்ததும் அவனை நிமிர்ந்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான் உன் வேலை. கேமரா ஓடியது. கிளாப் பலகையை 'பட்'டென்று அடித்தார்கள். உடனே நீ என்னைப் பார்த்து, "வாரேனுங்க" என்றாய்.

கட் சொன்னார்கள். இரண்டாவது டேக்கிலும் அதே கதை. சவுண்டுக்காரர் காதுக்கருவியைக் கழற்றிவிட்டு, யாருக்கம்மா பதில் சொல்கிறீர்கள் என்றார்.

"அவங்க கை தட்டுனாங்களேங்க."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும்தான் விளங்கியது. நம் வெற்றிலைக் கொடிக்காலில் அகத்தி மறைப்பில் நீ எந்த வரிசையில் நிற்கிறாய் என்று தெரியாது. பெண்டாட்டியைப் பேர் சொல்லிக் கூப்பிடும் வழக்கமும் நமக்கு இல்லை. கையை ஒரு தட்டுத் தட்டுவேன், கொடிக்குள்ளிருந்து உன் "வாரேனுங்க" வரும். அந்தப் பழக்கம் ஸ்டுடியோவுக்குள் வந்ததும் போய்விடுமா?

கிளாப் இல்லாமல் எடுக்க முடியாது, படம் ஒரு பிலிமில், சத்தம் இன்னொன்றில், இரண்டையும் சேர்த்துப் பிடிக்க அந்த அடிதான் அடையாளம் என்றார் சவுண்டுக்காரர். பிறகு அவரே வழியும் சொன்னார். பலகையைத் தலைகீழாகப் பிடித்து, ஷாட் முடிவில் அடித்தார்கள்.

கதாநாயகன் வந்தான், நின்றான், போனான். அந்நிய ஆம்பளையை நிமிர்ந்து பார்க்க உன்னால் முடியவில்லை. குனிந்த தலை குனிந்தபடியே இருந்தது. அப்புறம்தான் கிளாப். நீ நிமிர்ந்தாய். வெயில் முழுக்க உன் முகத்தில் இருந்தது. அப்படி ஒரு சிரிப்பு. குனிந்திருந்ததே இயல்பாக இருக்கிறது, இது போதும் என்றார் டைரக்டர்.

படம் ஊருக்கு வருவதற்குள் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது. தனியாகத்தான் பார்த்தேன். உன் வகிடு தெரிகிறது, இலை அடுக்கும் விரல் தெரிகிறது. கிளாப்புக்கு முன்னாலேயே வெட்டிவிட்டார்கள். அந்தத் துண்டையாவது விலைக்குக் கொடுங்கள் என்று ஸ்டுடியோவுக்குப் போய்க் கேட்டேன். கழிவுப் பிலிமையெல்லாம் எப்போதோ எடைக்குப் போட்டாயிற்றாம். பேரம் பேச ஒன்றும் இல்லாமல் திரும்பி வந்தேன்.

கொடிக்காலில் இப்போது ஆட்களைக் கை தட்டாமல் பேர் சொல்லித்தான் கூப்பிடுகிறேன்.

இன்று சாயங்காலம் முதல் ஆட்டத்துக்குப் போவேன். மணல் தரையில் திரைக்குப் பக்கமாக உட்காருவேன். அந்த ஷாட் முடிகிற இடம் எனக்குத் தெரியும். அதற்கு அடுத்து வரும் உன் முகம் என்னிடம் மட்டும்தான் இருக்கிறது. அந்த இடம் வரும்போது என் கை இரண்டும் தானாக எழும். தட்டிவிடாமல் மடியில் அழுத்திப் பிடித்துக்கொள்வேன்.