கிழக்கு வரிசைக்குக் கீழே

ஜூன் 2

கல்லறைத் தோட்டக் குழுவின் தலைவி அவர்களுக்கு,

நான் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய், மண்வெட்டி பிடிக்கிற கைக்கு நோய் எங்கே வரப்போகிறது! சின்னவள் வீட்டில் எனக்கு ஒரு குறையும் இல்லை. மாப்பிள்ளை செய்தித்தாளை முதலில் என்னிடம்தான் கொடுக்கிறார். குறுக்கெழுத்தை முடித்துவிட்டுக் கொடுக்கிறார், அவ்வளவுதான். இருமல் தேவலை. பக்கத்து வீட்டுக்காரர் நேற்று, "ஒரே பொண்ணுதானே, அப்புறம் எதுக்குச் சின்னவள்னு கூப்பிடுறீங்க?" என்று கேட்டார். பேச்சை மாற்றிவிட்டேன்.

நான்காவது முறையாகக் கேட்கிறேன். கூடத்துச் சுவரில் இருக்கும் என் நற்சான்றிதழைச் சட்டத்தோடு, கண்ணாடியோடு அப்படியே அனுப்பிவை. பிரிக்காதே. முப்பது வருடத்தில் ஒரு கோடுகூடப் பிழையில்லை என்று சுரங்கக் கம்பெனி எழுதிக் கொடுத்தது. இங்கே என் அறைச் சுவர் மொட்டையாக இருக்கிறது.

இப்படிக்கு,
சின்னவளின் அப்பா

ஜூன் 9

சர்வேயர் ஐயாவுக்கு,

மூன்று வருடமாக நீங்கள் எழுதிய கடிதங்களில் என்னை விசாரித்தது நாலு வரி, சட்டத்தை விசாரித்தது நாலு பக்கம். அனுப்ப மாட்டேன். அதற்குப் பின்னால் சுவரில் விரிசல் இருக்கிறது. எடுத்தால் பல்லிகள் கூடத்துக்குக் குடிவந்துவிடும்.

இந்த வருடம் நாங்கள் ஆறு பெண்களும் நூற்று நாற்பது கல்லறைக் கற்களைக் கழுவி நிறுத்தியிருக்கிறோம். தண்ணீர், மென்மையான பிரஷ், வேறொன்றும் கிடையாது. உடைந்ததைச் சுண்ணாம்புக் காரையால் ஒட்டுகிறோம். தபால்காரர் மனைவி ஒரு கல்லை இரும்பு நாரால் தேய்த்துவிட்டாள். நான் போட்ட சத்தத்தில் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

இப்போது தலைவலி உங்களால் வந்திருக்கிறது. நகரசபை இன்ஜினியர் பழைய சுரங்கப் பிளானோடு வந்தார். "அம்மா, கிழக்கு வரிசைக்குக் கீழ பூரா பொந்து. எப்ப வேணாலும் உள்வாங்கும். கல்லையெல்லாம் எடுத்துட்டு மண்ணைக் கொட்டி மூடிடுவோம்" என்கிறார். ஒரு மாதம் கெடு. பிளானின் அடியில் கையெழுத்தைப் பார்த்தேன். முத்து முத்தான கையெழுத்து, உங்களுடையது.

அந்தப் பிளானில் தப்பு இருக்குமா? ஒரு வார்த்தை எழுதினால் போதும்.

சின்னவளின் அம்மா

ஜூன் 15

தலைவி அவர்களுக்கு,

என் பிளானில் தப்பா? நகரசபைக் கடிகாரம் தப்பும், என் கோடு தப்பாது. இன்ஜினியர் சொல்கிறபடி செய்துவிடுங்கள். உயிரோடு இருப்பவர்கள் பள்ளத்தில் விழுந்துவைக்க வேண்டாம்.

கிழக்கு வரிசை முழுவதுமா? கோடியில் உள்ள சின்னக் கல்லும் சேர்த்தா?

சட்டத்தை உடனே அனுப்பு.

சின்னவளின் அப்பா

ஜூன் 21

சர்வேயர் ஐயாவுக்கு,

ஆமாம், சின்னக் கல்லும் சேர்த்துத்தான்.

நீங்களே கேட்டுவிட்டதால் சொல்கிறேன். இருபத்தாறு வருடத்துக்கு முன்னால் உங்களுக்கு மதியச் சாப்பாடு கொண்டுவந்தபோது அந்தப் பிளான் உங்கள் மேசையில் விரித்துக் கிடந்தது. நம் பெரியவளுக்கு நேர் கீழே ஒரு கோடு. பதினோரு நாள் இருந்துவிட்டு, பெயர் வைக்கக்கூட அவகாசம் தராமல் போன பிள்ளை. அவளுக்குக் கீழே வெடி வைக்கக் கோடு போட்டுக் கொடுத்தது அவளைப் பெற்றவர் கை. சாப்பாட்டை வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் வந்துவிட்டேன். அன்றிலிருந்துதான் உங்களுக்கு நான் முகம் கொடுக்கவில்லை. நீங்கள் இருமலுக்காக ஊரை விட்டுப் போகவில்லை என்பது நம் இருவருக்குமே தெரியும்.

ஜூலை ஏழாம் தேதி லாரி வருகிறது. ஆறு பேரும் கல்லறைத் தோட்ட வாசலில் நாற்காலி போட்டு உட்காரப் போகிறோம். தபால்காரர் மனைவி பின்னல் ஊசியும் நூலும் கொண்டுவருகிறாள். என்ன நடக்கிறதோ நடக்கட்டும்.

சின்னவளின் அம்மா

ஜூன் 26

என் அன்புள்ளவளே,

நாற்காலி எல்லாம் வேண்டாம். சட்டத்தை இறக்கு. பின்பலகையில் நாலு ஆணி இருக்கும். ஒன்று துருப்பிடித்தது, கத்தியால் நெம்பாதே, உடைந்துவிடும். நற்சான்றிதழுக்குப் பின்னால் ஒரு மடித்த தாள் இருக்கிறது. அதுதான் உண்மையான பிளான். சுரங்கவழி மதிலுக்கு முன்பே வளைந்து, தோட்டத்தைச் சுற்றிக்கொண்டு போகிறது. கிழக்கு வரிசைக்குக் கீழே எலி வளைகூடக் கிடையாது.

மதிலை நெருங்கும்வரை வெட்டிவிட்டு, சுரங்க மேஸ்திரி கடப்பாரையைக் கீழே போட்டார். "மேல நம்ம ஆளுங்க படுத்திருக்காங்க சார். உங்க பொண்ணும் இருக்கா. என் கை ஓடாது" என்றார். நாற்பது பேரும் உட்கார்ந்துவிட்டார்கள். நேராகப் போகாவிட்டால் எல்லோரையும் வீட்டுக்கு அனுப்புவதாக மேனேஜர் உத்தரவு. நல்லவேளை, அவருக்கு முட்டி வலி, அவ்வளவு தூரம் குனிந்து வரமாட்டார். ஆகவே அவர்கள் விடுமுறை நாளிலும் வந்து வளைத்து வெட்டினார்கள். நான் நேராக வரைந்தேன்.

யாரிடமும் சொல்வதில்லை என்று மேஸ்திரிக்குச் சத்தியம் செய்திருந்தேன். பிறகு சுரங்கம் மூடியது, அவரும் போய் அதே வரிசையில் படுத்துக்கொண்டார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். அதற்குள் பிழையே இல்லாத சர்வேயர் என்ற பேர் எனக்கு இனித்துவிட்டது. அந்தப் பேரை எழுதிக் கொடுத்த தாளுக்குப் பின்னாலேயே இதை ஒளித்துவைத்தேன். சிரிக்காதே. இத்தனை நாள் சட்டத்தைக் கேட்டது, நீ பார்த்துவிடுவாயோ என்ற பயத்தில்தான்.

நீ பேசாமல் இருந்தது பிள்ளையின் நினைப்பில் என்று எண்ணிக்கொண்டேன். ஒரு தடவை கேட்டிருக்க வேண்டும். என் பிளான் பொய் என்று நகரசபைக்கு எழுதிய கடிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன்.

பெரியவளின் அப்பா

ஜூலை 8

பெரியவளின் அப்பாவுக்கு,

கத்தியால்தான் நெம்பினேன். கத்தி உடைந்துவிட்டது.

தாளை மடியில் விரித்துவைத்து ஒரு பாட்டம் அழுதேன். பிறகு மேனேஜரின் முட்டியை நினைத்துச் சிரித்தேன். நானும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். இருபத்தாறு வருடம் வீம்பு பிடித்தது என் தப்பு.

இன்ஜினியர் இரண்டு பிளானையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "இதுல எதும்மா நிஜம்?" என்றார். "வளைஞ்சதுதான்" என்றேன். நம்பவில்லை. துளை போடும் இயந்திரத்தைக் கொண்டுவந்து கிழக்கு வரிசை நடைபாதையில் மூன்று இடத்தில் இறக்கினார். மூன்றிலும் பாறை. மூன்றாவதில் துளைப்பான் முனையே போய்விட்டது. "பொந்து இல்லம்மா, நீங்க தாராளமா கழுவுங்க" என்று முகத்தைத் துடைத்துக்கொண்டார். நேற்று லாரி வரவில்லை. ஆனாலும் நாங்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்தோம், சொன்னபடி செய்ய வேண்டுமல்லவா? தேநீர் மூன்று சுற்று ஓடியது.

ஒரு சிக்கல். திருத்திய பிளானில் வரைந்தவரே நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டுமாம். உங்கள் மேசை முழுக்க என் கல்லறைப் பதிவேடுகள். பாதி மேசையை ஒழித்துவைத்திருக்கிறேன். பாதிதான்.

சட்டத்தைத் திரும்ப மாட்டிவிட்டேன். இப்போது முன்னால் வளைந்த கோடு, பின்னால் நற்சான்றிதழ். பல்லிகள் ஒன்றும் சொல்லவில்லை.

நூற்று நாற்பது கல் கழுவியும் சின்னக் கல்லை மட்டும் நான் தொடவில்லை. தனியாக முடியவில்லை. பிரஷ் இரண்டு வாங்கிவைத்திருக்கிறேன். சோப்பு போடக் கூடாது, இப்போதே சொல்லிவிட்டேன்.

பெரியவளுக்கும் சின்னவளுக்கும் அம்மா