ஆறு ரோபோவும் ஒரு சிமெண்டுக் களமும்

புரட்டாசி 5, திங்கள்
காலையில் தூறல். கேப்பை அரைக்க வேண்டும். பிரஷர் மாத்திரை தீர்ந்தது, விழுப்புரத்தில்தான் கிடைக்கும்.

பேத்தி நித்யா திண்டிவனம் காலேஜிலிருந்து ஆறு ரோபோ கொண்டுவந்திருக்கிறாள். டிபன் டப்பா அளவு, கீழே சக்கரம். இதில் தலைவர் யார் என்று கேட்டேன். யாரும் இல்லையாம். அதுகளே தங்களுக்குள் ஒன்றை வைத்துக்கொள்ளுமாம். வெள்ளிக்கிழமை காலேஜில் ஓட்டிக் காட்ட வேண்டும், அதற்குள் இங்கே ஓட்டிப் பழக்கணுமாம். ஓடாவிட்டால் மார்க் போச்சு.

நம் வாசல் மண்தரை, ஈரம். சக்கரம் புதைந்துவிட்டது.

6, செவ்வாய்
நல்ல வெயில். தெருவில் சிமெண்டுக் களம் ஒன்றே ஒன்று. என் ஓரகத்தி ப. வீட்டுடையது. (முழுப்பெயர் எழுத மாட்டேன்.) பதினோரு வருடமாகப் பேச்சு இல்லை. என் மகள் கல்யாணப் பந்தியில் ரசத்தில் உப்பில்லை என்றவள். மூன்றாவது வரிசை. கத்தரிப்பூ நிறச் சேலை. எட்டுப் பேர் காதில் விழுந்தது. எட்டுப் பேரும் யார் யார் என்று இப்போதும் சொல்வேன்.

நித்யா போய்க் கேட்டாள். ப. சொல்லி அனுப்பியது:
"களம் எங்க ஓடிடப் போவுது? உங்க ஆயாவ வந்து ஒரு வார்த்த கேக்கச் சொல்லு."
போக மாட்டேன்.

7, புதன்
கட்டிலை நகர்த்திவிட்டு வீட்டுக்குள்ளேயே ஓட்டினாள். ஒன்றும் அசையவில்லை.
"எல்லாத்துக்கும் ஒரே நேரம் வச்சிட்டேன் ஆயா. ஒண்ணா பேசுது, ஒண்ணா வாய மூடிக்கினு நிக்குது."
ஒவ்வொன்றும் வேறு வேறு நேரம் காத்திருக்கும்படி மாற்றினாள். எதற்கு முதலில் பொறுமை தீர்கிறதோ அது முன்னே போகிறேன் என்று சொல்லுமாம். நாலாவது டப்பா கிளம்பியது. ஐந்தும் பின்னால். நாலடி போய்ச் சுவரில் முட்டின. இடம் பத்தவில்லை. பிள்ளை முகம் சுண்டிப்போனது.

"அப்ப மொதல்ல வாயத் தொறக்கறவதான் பெரியவளா?"
"ஆமா ஆயா. மீதியெல்லாம் அது சொல்றதக் கேக்கும்."

சாப்பாட்டில் மனம் போகவில்லை.

8, வியாழன்
வெயில். கேப்பை இன்னும் அரைக்கவில்லை. ஏழு மணிக்கு ப. வீட்டுக்குப் போனேன். களம் முழுக்க மல்லாட்டை பரப்பிக்கொண்டிருந்தாள், புதுசாகப் பிடுங்கிய வேர்க்கடலை. கிழவியாகிவிட்டாள், ஒரு காலை இழுக்கிறாள். என்னைப் பார்த்தாள். வாயைத் திறக்கவில்லை. நானும் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு நானே சொன்னேன்:
"மல்லாட்டைய ஓரமாத் தள்ளு. புள்ள வண்டி வுடணும்."
தள்ளினாள்.