நீ வரும்வரை பிடித்திருந்த கயிறு

அக்கா,

பேனையைப் பிடித்தால் உள்ளங்கை எரிகிறது. கயிறு உரித்த இடத்தில் புதுத்தோல் வந்துவிட்டது. ஆனாலும் வேகமாக எழுதினால் நோகிறது. சற்றுமுன் கையை மணந்து பார்த்தேன். முப்பது நாளாகியும் அந்தக் கூடாரத்தின் தார் மணம் போகாததுபோல் இருந்தது. குப்பி விளக்கைக் கட்டிலுக்குக் கீழே வைத்து, நிலத்தில் குப்புறக் கிடந்து எழுதுகிறேன். பக்கத்து அறையில் அம்மா இருமும்போதெல்லாம் கொப்பியை மூடுகிறேன்.

நாளைக்கு உனக்கு முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை. விடியக் கார் வரும், கன்னியா வெந்நீர்க் கிணற்றடிக்குப் போகிறோம். உடல் கிடைக்காதபடியால் தர்ப்பைப் புல்லில் உன்னைச் செய்து அப்பா கொள்ளி வைத்தார். நீ கடலோடு போய்விட்டாய் என்று ஊர் முழுக்க நம்புகிறது. நம்பாத ஒரே ஆள் நான்.

நாடகம் போட வந்த அந்த யப்பான்காரர் ஏழு பேரும் கறுப்புக் கூடாரத்தோடு வந்து இறங்கிய நாளை நினைத்துப் பார். மூதூருக்கு ஆள் ஏற்றும் லோஞ்ச் புறப்படும் இடத்துக்கு அப்பால், துறைமுகக் கரையில் அவர்களே குழி தோண்டி, அவர்களே கம்பு நட்டு, அவர்களே சோறும் சமைத்தார்கள். பெடியன்கள் சுற்றி நின்று, "ஆனை எங்க? புலி எங்க?" என்று கத்தினார்கள். துறைமுக வேலையால் வந்த அப்பா சைக்கிளை நிறுத்திப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "முந்தி சண்டைக்கு வந்த யப்பான்காரர் மேல இருந்து குண்டு போட்டவங்கள். இவங்கள் கூடாரம் போடுறாங்கள். பாப்பம்."

இங்கிலீசு தெரிந்த ஆள் வேண்டும் என்று நாடக மன்றத்தார் உன்னைக் கூப்பிட்டபோது அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "கூத்தாடிப் பெட்டைக்கு ஆரடி மாப்பிள்ளை தருவான்?" என்றா. "நான் ஆடப் போகேல்லை அம்மா, கதைக்கத்தான் போறன்," என்றாய் நீ. அதுதான் உன்னுடைய முதலாவது பொய். துணைக்கு என்னையும் அனுப்பினா.

அவர்களின் தலைவர், அந்தத் தாடிக்காரர், சொன்னதையெல்லாம் நீதான் எனக்குத் தமிழில் சொன்னாய். அவர்களுக்கென்று மண்டபம் கிடையாதாம். ஒரு தேநீர்க் கடையின் நிலவறையில் தொடங்கினார்களாம். பிறகு கோயில் முற்றம், ஆற்றங்கரை என்று கூடாரத்தைக் கொண்டு திரிந்தார்களாம். பொலிஸ் வந்து கலைத்த இடங்களும் உண்டாம். யாரிடமும் கைகட்டி நிற்கக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு பாடு என்று அவர் சொன்னபோது உன் முகத்தைப் பார்த்தேன். மொழிபெயர்க்க மறந்து அப்படியே நின்றாய்.

அவர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. நாடகம் முடிகிற நேரம் கூடாரத்தின் பின்பக்கச் சீலையை முழுதாகத் தூக்கிவிடுவார்கள். அதுவரை மேடையாக இருந்த இடத்துக்குப் பின்னால் உண்மையான ஊர் தெரியும். நடிப்பவர் அதற்குள்ளே நடந்து போவார். "கூடாரத்துக்குள்ள நடக்கிறது பாதி நாடகம்தான். திறந்தாப்பிறகுதான் மிச்சம்," என்பார் தாடிக்காரர்.

அவர்களில் ஒரு பெண்ணுக்குக் காய்ச்சல் வந்தது. அவளின் வேடம் உனக்கு வந்தது. வசனமில்லாத வேடம், கடலிலிருந்து வந்து கடலுக்கே திரும்பும் ஒருத்தி. ஆள் குறைந்ததால் பின்சீலைக் கயிறு என் கைக்கு வந்தது. நீ பலகையில் இரண்டு தரம் காலால் தட்டினால் நான் இழுக்க வேண்டும். நீ முழங்கால் தண்ணீர்வரை நடந்து, அங்கே கிடந்த துருப்பிடித்த மிதவைக்குப் பின்னால் குந்தியிருந்து, கரையால் சுற்றி என்னிடம் வர வேண்டும். அதுவரை கயிற்றைப் பிடிப்பவர் வாய் திறக்கக் கூடாது, கையை விடக் கூடாது. அது அவர்களின் சட்டம். பழகிய ஏழு நாளும் சுற்றி வந்து, ஈரக்கையால் என் கன்னத்தைக் கிள்ளினாய்.

எட்டாம் நாள் மாலை சனம் நிறைந்திருந்தது. அப்பாவும் பின்வரிசையில் இருந்தார். முகமெல்லாம் வெள்ளை பூசிக்கொண்டு நீ என்னிடம் வந்தாய்.

"பயமா இருக்கக்கா. கச்சான் காத்து கடல் பக்கம் இழுக்குது."

"என்னடி பயம்? முழங்காலளவு தண்ணிதானே. நான் வருமட்டும் விட்டிடாத, என்ன?"

"ஓம்."

"சத்தியமா?"

"சத்தியமா விடமாட்டன்."

நீ தட்டினாய். இழுத்தேன். துறைமுகம் முழுதும் திறந்தது. நீ நடந்தாய், முழங்கால், மிதவை, பிறகு அதையும் தாண்டி இடுப்பளவு. சனம் கைதட்டியது. பழகியதைவிட நன்றாகச் செய்கிறாய் என்று நினைத்துத் தாடிக்காரரும் விளக்கை அணைக்க வேண்டாம் என்று கைகாட்டினார். காற்று சீலைக்குள் புகுந்து பாய்மரம்போல் இழுத்தது. கயிறு உள்ளங்கையை உரித்துக்கொண்டு ஓடியது. விடவில்லை. இருட்டுக்குள் ஒரு தோணி விளக்கு இரண்டு தரம் மினுங்கி அணைந்ததைக் கண்டேன். அப்போதும் வாய் திறக்கவில்லை. சீலை உயர்ந்திருக்கும்வரை நாடகம் முடியவில்லை என்றுதான் எல்லாரும் இருந்தார்கள். நான் பிடித்திருந்த நேரம்தான் உனக்குக் கிடைத்த நேரம். அது உனக்குத் தெரியும். தெரிந்துதான் சத்தியம் கேட்டாய்.

கடைசியில் அப்பாதான் எழும்பிக் கத்தினார், "என்ர பிள்ளைக்கு நீந்தத் தெரியாது!" என்று.

மறுநாள் தாடிக்காரர் வந்து எங்கள் வாசல் மணலில் நெற்றியை வைத்து அழுதார். "எழும்பச் சொல்லுங்கோ," என்றார் அப்பா. சொல்ல ஆளில்லை. அவருக்கும் எங்களுக்கும் நடுவில் கதைத்த ஒரே ஆள் நீ. பொலிஸ் அவர்களை மூன்று நாள் விசாரித்தது. பிறகு கூடாரத்தை மடித்துக்கொண்டு போனார்கள். நீ அவர்களோடு போகவில்லை. அவர்கள் சொன்னதை மட்டும் எடுத்துக்கொண்டு தனியே போயிருக்கிறாய்.

என்னையும் கேட்டார்கள். "தெரியாது" என்றேன். பகிடிக்கு ஒளிந்திருக்கிறாய், வருவாய் என்றுதான் அப்போது நினைத்தேன். மூன்றாம் நாள் அலுமாரியில் உன்னுடைய லாச்சியை இழுத்துத் திறந்தேன். பரீட்சைச் சேட்டிபிக்கற் வைக்கும் நீல உறை வெறுமையாக இருந்தது. தண்ணீரில் சாகப் போகிறவளுக்கு ஏ.எல். சேட்டிபிக்கற் எதற்கு?

சில இரவுகளில் அந்தத் தோணி உன்னை ஏற்ற வரவில்லையோ, அது கணவாய் மீன் பிடிப்பவனின் விளக்காக இருந்திருக்குமோ என்று தோன்றும். எழும்பிப்போய் அந்த வெறும் உறையைத் தடவிப் பார்ப்பேன். நீ உயிரோடு இருக்கிறாய் என்பதற்கும் என்னை ஏமாற்றினாய் என்பதற்கும் அந்த ஒன்றுதான் சாட்சி. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை எறிய ஏலாது.

எனக்கு ஒரு சொல் சொல்லியிருக்கலாம். "நான் வரமாட்டன், ஆனாலும் பிடி," என்றிருந்தால் பிடித்திருப்பேன், அக்கா. அதுகூட உனக்குத் தெரியவில்லை.

அம்மா உன் லாச்சியை இதுவரை தொடவில்லை. அதன் பூட்டைத் திறக்கிற திறப்பு சாமிப் படத்துக்குப் பின்னால் கிடக்கிறது. நாளைக்குக் கன்னியாவில் தானம் கொடுக்க உன் சேலை ஒன்று எடுக்க வேண்டும். "விடிய நீ எடுத்துத் தா பிள்ளை, எனக்கு ஏலாது," என்றா பின்னேரம். ஓம் என்றேன்.

எடுத்துக் கொடுக்கப் போவதில்லை, அம்மாவே வந்து பார்க்கட்டும். இப்போது எழும்பிப்போய் லாச்சியை முழுதாக இழுத்துத் திறந்துவிட்டு வந்தேன். நீல உறையைச் சேலைகளுக்கு மேலே, வாய் விரித்தபடி வைத்திருக்கிறேன். அப்பா என்னை அடிப்பார். பொலிசுக்கும் சொல்ல வேண்டி வரும். ஆனால் உயிரோடு இருக்கிற பிள்ளைக்கு அம்மாவைப் பிண்டம் போட விடமாட்டேன்.

தோல் உரிந்த இந்தக் கை என்னோடு இருக்கும். நீ வருமட்டும் விடமாட்டேன் என்று சொன்ன சத்தியத்தை மட்டும் இன்றைக்கு விடுகிறேன்.

அம்மா எழும்பிவிட்டா. கால் சத்தம் அலுமாரிப் பக்கம் போகிறது.