ஸ்கேலைத் தேட வேண்டாம்

ரக்ஷிதாவின் நைனாவுக்கு,

ஸ்ரீ சிட்டி கம்பெனி பஸ் வந்துவிடும், அவசரமாக எழுதுகிறேன். இன்று எல்.கே.ஜி. முதல் நாள். குழந்தையைத் திட்டி எழுப்பாதீர்கள். ஹாட்பாக்ஸில் இட்லி இருக்கிறது, ஒன்று தின்றாலும் போதும். மிஸ்ஸுக்குத் தமிழ் வராது. ஒன்றுக்கு வந்தால் தெலுங்கில் எப்படிக் கேட்பது என்று சொல்லிக்கொடுத்திருக்கிறேன், ஆனாலும் இவள் வெட்கப்படுவாள் என்று நீங்களே மிஸ்ஸிடம் சொல்லிவிடுங்கள். வீட்டுச் சாவி பக்கத்து வீட்டு மனோரமா அக்காவிடம். மத்தியானம் அவர்தான் கூட்டி வருவார்.

நேற்றுச் சண்டை எனக்கு இன்னும் தீரவில்லை. தினமும் சாயங்காலம் ஸ்கேலும் கையுமாக உட்கார்ந்து வாத்தியார் விளையாட்டு. கேட்டால், "மெதுவாதான தட்டிக்கினு இருக்கேன், இப்பவே பழகிக்கினா அங்க போயி அழுவாது" என்கிறீர்கள்.

நீங்கள் கோபித்துக்கொண்டு வெளியே போனதும் அளவு பார்க்க யூனிபார்மைப் போட்டுவிட்டேன். கடைசிப் பட்டனை மாட்டியவுடன் கையை நீட்டினாள். வளையல் கேட்கிறாள் என்று எடுத்து வந்தேன். பார்த்தால் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு நிற்கிறாள். "அடிம்மா, நா அழுவ மாட்டேன்" என்கிறாள்.

பஸ்காரன் ஹாரன் அடிக்கிறான்.

நந்திதா

ஷூ வாசலில் இருக்கிறது. வலது ஷூ கொஞ்சம் இறுக்கம், பார்த்து மாட்டுங்கள்.

ஸ்கேல் என் பையில் இருக்கிறது.

இன்றைக்கும் யூனிபார்ம் போட்டதும் கையை நீட்டுவாள். வண்டி வேண்டாம். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தே கூட்டிப் போங்கள்.